திரும்பி வராத விமானங்கள்

இரண்டாவது உலக யுத்தம் மும்முரமாக நடந்துகொண்டிருந்த நேரம்.

அமெரிக்காவின் குண்டு வீச்சு விமானங்கள் எதிரி நாட்டுக்குள் பறந்து செல்லும். கீழே இருந்து பீரங்கிகள் சுடும். மேலே எதிரி விமானங்கள் துரத்தித் துரத்திச் சுடும். சில விமானங்கள் திரும்பி வரும். சில திரும்பி வராது.

திரும்பி வந்த விமானங்களைப் பார்த்தால், உடம்பெல்லாம் சல்லடை போலத் துளைகள்!

விமானத்துக்குக் கவசம் போட்டால் விமானிகளின் உயிரைக் காப்பாற்றலாம். ஆனால், கவசம் கனமானது. விமானம் முழுவதையும் கவசத்தால் மூடினால், அது வேகமாகப் பறக்க முடியாது. அதிக தூரம் போகவும் முடியாது. ஆகவே, முக்கியமான இடங்களுக்கு மட்டுமே கவசம் போட வேண்டும்.

எந்த இடத்துக்குப் போடுவது?

இராணுவத்தின் கையில் ஒரு கணக்கு இருந்தது. திரும்பி வந்த விமானங்களில் எந்தெந்த இடத்தில் எத்தனை துளைகள் என்று எண்ணி எடுத்த கணக்கு அது. உடல் பகுதியில் துளைகள் அதிகம். என்ஜின் பகுதியில் துளைகள் குறைவு.

அதிகமாக அடிபடும் இடத்துக்குத்தானே கவசம் தேவை? யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள்.

ஒரு கணித மேதை மட்டும் வேறு விதமாகச் சிந்தித்தார். துளைகள் குறைவாக உள்ள என்ஜினுக்கே கவசம் தேவை என்பது அவருடைய சிந்தனையின் முடிவு!

அவர் பெயர் ஆபிரகாம் வால்ட்.

அவருடைய வாழ்க்கைக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரு சோகமான தொடர்பு உண்டு. அந்த விவரம் கடைசியில் வருகிறது.

கணக்கில் வராதவை

துளை இல்லாத இடத்துக்கு எதற்குக் கவசம்?

எதிரி சுடும் குண்டு, என்ஜினைப் பார்த்து விலகிப் போவதில்லை. எல்லா இடத்திலும்தான் படுகிறது. அப்படியானால், என்ஜினில் அடிபட்ட விமானங்கள் எங்கே?

அவை திரும்பி வரவில்லை!

உடம்பில் நூறு துளைகள் விழுந்தாலும் விமானம் வீடு வந்து சேர்ந்துவிடும். என்ஜினில் அடி விழுந்தால் அதோடு கதை முடிந்துவிடும். அந்த விமானங்கள் கடலிலோ, எதிரி மண்ணிலோ விழுந்து கிடந்தன. அவற்றின் துளைகளை எண்ண யாரும் இல்லை. ஆகவே, அவை கணக்கில் சேரவில்லை.

கையில் இருந்த கணக்கு பொய்க் கணக்கு அல்ல. ஆனால், அது பிழைத்து வந்தவர்களின் கணக்கு. இறந்தவர்களின் கணக்கு அதில் இல்லை.

இந்தக் கதைக்கு இன்று கண்ணும் மூக்கும் வைத்துப் பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள். அதிகாரிகளிடம் வால்ட் வாதாடியதாக வரும் வசனங்கள் பிற்காலத்துக் கற்பனையாக இருக்கலாம். ஆனால், வால்ட் 1943-ம் ஆண்டில் எழுதிய ஆராய்ச்சிக் குறிப்புகள் உண்மை. திரும்பி வந்த விமானங்களின் காயங்களை வைத்துக்கொண்டு, திரும்பி வராத விமானங்கள் எங்கே அடிபட்டிருக்கும் என்று கணக்கிடும் வழியை அவர் அதில் விளக்கினார். 1980-ம் ஆண்டில் அந்தக் குறிப்புகள் மீண்டும் அச்சிடப்பட்டன.

இடம் கிடைக்காத மேதை

வால்ட் 1902-ம் ஆண்டு பிறந்தார். அவர் பிறந்த ஊர் அப்போது ஹங்கேரியில் இருந்தது. இப்போது ருமேனியாவில் இருக்கிறது. அவர் யூதர். சனிக்கிழமை யூதர்களுக்குப் புனித நாள். பள்ளிக்கூடமோ சனிக்கிழமையும் நடந்தது. அதனால், சிறு வயதில் அவருக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார்கள்.

வியன்னா நகரில் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். ஆனால், யூதர் என்பதால் அங்கே பல்கலைக்கழக வேலை கிடைக்கவில்லை.

1938-ம் ஆண்டு ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. அதே ஆண்டில் வால்ட் அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தார். நியூயார்க்கில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் யுத்தத்துக்காக ஒரு புள்ளிவிவர ஆராய்ச்சிக் குழு அமைக்கப்பட்டது. வால்ட் அதில் சேர்ந்து வேலை செய்தார்.

எதிரி நாட்டில் இருந்து வந்தவர் என்பதால், இரகசியக் காகிதங்களைப் பார்க்க அவருக்கு அனுமதி இல்லை. "வால்ட் எழுதி முடித்ததும் காகிதத்தை அவர் கையில் இருந்து பிடுங்கிக்கொள்ள வேண்டும். அவர் எழுதியதை அவரே படித்துவிடக் கூடாது!" என்று உடன் வேலை செய்தவர்கள் வேடிக்கையாகப் பேசிக்கொள்வது உண்டு.

ஐரோப்பாவில் தங்கிவிட்ட அவருடைய நெருங்கிய உறவினர்கள் ஹிட்லர் ஆட்சியில் கொல்லப்பட்டார்கள். ஒரு சகோதரர் மட்டுமே தப்பினார்.

தப்பி வந்தவர் சிலர், வராதவர் பலர். அது வால்டின் குடும்பத்திலேயே நடந்த கதை.

புதிய பெயர், பழைய கேள்வி

வால்ட் செய்த வேலைக்கு இன்று ஒரு புதிய பெயர் வந்திருக்கிறது. 'டேட்டா சயின்ஸ்' என்கிறார்கள். தமிழில் தரவு அறிவியல்.

தரவு என்றால் என்ன? எண்ணி, அளந்து, பதிந்து வைத்த விவரம்தான். மளிகைக் கடை நோட்டுப் புத்தகம் ஒரு தரவு. ஆஸ்பத்திரிச் சீட்டு ஒரு தரவு. செல்போனில் யார் எதை எத்தனை நேரம் பார்த்தார்கள் என்பதும் தரவு. இவற்றைக் கம்ப்யூட்டரில் போட்டு அலசி, "அடுத்து என்ன நடக்கும்?" என்று சொல்வதே தரவு அறிவியல்.

வங்கியில் கடன் கொடுக்கலாமா, வேண்டாமா என்று சொல்ல இது உதவுகிறது. புயல் எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்லவும் உதவுகிறது.

கம்ப்யூட்டர் புதிது. வேகம் புதிது. ஆனால், வால்ட் கேட்ட கேள்வி மட்டும் இன்னும் பழையதாகவில்லை.

"இந்தக் கணக்கில் வராதவர் யார்?"

இந்தக் கேள்வியைக் கேட்க மறந்தால் என்ன ஆகும்? பெரிய பெரிய நிறுவனங்களே தடுமாறி விழுந்திருக்கின்றன.

ஒரு கோடிச் சீட்டுகள்

அமெரிக்காவில் 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற பிரபல வாரப் பத்திரிகை இருந்தது. தேர்தலில் யார் ஜெயிப்பார் என்று முன்கூட்டியே சரியாகச் சொல்லிப் பேர் வாங்கிய பத்திரிகை.

1936-ம் ஆண்டு ஜனாதிபதி தேர்தல். ரூஸ்வெல்ட் ஒரு பக்கம். லாண்டன் மறுபக்கம். அந்தப் பத்திரிகை சுமார் ஒரு கோடிப் பேருக்குச் சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்கள் வந்து குவிந்தன. அவற்றை எண்ணிப் பார்த்து, "லாண்டன் வெல்வார். இருவருக்கும் கிடைக்கும் வோட்டுகளில் நூற்றுக்கு 57 அவருக்கே!" என்று அறிவித்தது.

நடந்தது என்ன?

ரூஸ்வெல்ட் நூற்றுக்கு 60-க்கு மேல் வோட்டுகள் வாங்கினார். 48 மாநிலங்களில் லாண்டனுக்குக் கிடைத்தவை இரண்டே இரண்டு!

20 லட்சம் பேர் சொன்னது எப்படித் தவறாகப் போயிற்று?

டெலிபோன் வைத்திருந்தவர்கள், மோட்டார் கார் வைத்திருந்தவர்கள் ஆகியோரின் பட்டியல்களைப் பார்த்துத்தான் பெரும்பாலான சீட்டுகள் போயின. அது வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய காலம். ஏழைகளிடம் டெலிபோன் ஏது? கார் ஏது? ரூஸ்வெல்ட்டை நம்பியிருந்த ஏழைகளில் பலர் பட்டியலிலேயே இல்லை. சீட்டு கிடைத்தவர்களிலும் நாலில் மூன்று பேர் பதில் போடவில்லை. அவர்கள் மனதில் என்ன இருந்தது என்று பத்திரிகை யோசிக்கவில்லை.

அதே தேர்தலில் ஜார்ஜ் காலப் என்பவர் சுமார் 50 ஆயிரம் பேரை மட்டும் விசாரித்தார். ஏழை, பணக்காரர், பட்டணம், கிராமம் என்று எல்லாத் தரப்பிலும் பார்த்து விசாரித்தார். "ரூஸ்வெல்ட் வெல்வார்" என்றார். அதுவே பலித்தது.

லிட்டரரி டைஜஸ்ட் 1938-ம் ஆண்டு மூடப்பட்டது.

கோபத்துக்கு ஐந்து மார்க்

இன்று சீட்டு அனுப்ப வேண்டியதில்லை. செல்போன் திரையில் ஒரு விரல் பட்டால் போதும். அது ஒரு கணக்கு.

'பேஸ்புக்' நிறுவனம் 2017-ம் ஆண்டு ஒரு ஏற்பாடு செய்தது. ஒரு செய்தியைப் பார்த்து 'லைக்' போட்டால் ஒரு மதிப்பு. சிரிப்பு முகம், அழுகை முகம், கோப முகம் போன்றவற்றைப் போட்டால் ஐந்து மடங்கு மதிப்பு. மதிப்பு கூடக் கூட, அந்தச் செய்தி இன்னும் பலர் கண்ணுக்குக் காட்டப்படும். இந்த விவரம் 2021-ம் ஆண்டில் அந்த நிறுவனத்தின் உள் ஆவணங்கள் வெளியானபோது உலகத்துக்குத் தெரிந்தது.

விளைவு என்ன? படிப்பவருக்குக் கோபத்தை மூட்டும் செய்தி, வேகமாகப் பரவியது. கோப முகம் வாங்கும் செய்திகளில் பொய்யும் புரட்டும் கலந்திருப்பது அதிகம் என்று அந்த நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்களே கண்டார்கள். 2020-ம் ஆண்டில் கோப முகத்துக்கு இருந்த மதிப்பைப் பூஜ்யம் ஆக்கினார்கள்.

இங்கேயும் கணக்கில் வராதவர்கள் உண்டு. செய்தியைப் படித்து முகம் சுளித்து, எந்தப் பொத்தானையும் அழுத்தாமல் போனவர்கள் அவர்கள். கத்தியவர்களின் கணக்கு ஏறியது. பேசாமல் போனவர்களின் கணக்கு ஏறவில்லை.

படிப்பை விட்டவர் கோடீஸ்வரர்!

"பில் கேட்ஸ் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவர். ஆனாலும் உலகப் பெரும் பணக்காரர் ஆனார். எனக்கு மட்டும் எதற்குப் படிப்பு?"

இப்படிக் கேட்கும் பிள்ளை இல்லாத தெரு இல்லை. பெற்றோரும் பதில் தெரியாமல் திகைக்கிறார்கள்.

பதில் வால்டிடம் இருக்கிறது.

படிப்பை விட்டு ஜெயித்தவர், திரும்பி வந்த விமானம். அவரைப் பேட்டி காண்கிறார்கள். படம் போடுகிறார்கள். படிப்பை விட்டு வேலையும் கிடைக்காமல் திண்டாடுகிறவரை யார் பேட்டி காண்கிறார்கள்? அவர் பெயர் எந்தப் பத்திரிகையிலும் வருவதில்லை. ஜெயித்த ஒருவரை மட்டும் பார்த்துவிட்டு வழி தேடுவது, உடம்பில் உள்ள துளைகளை மட்டும் பார்த்துவிட்டுக் கவசம் போடுவதற்குச் சமம்.

கம்ப்யூட்டருக்கு வந்த ஓரவஞ்சனை

வேலைக்கு ஆள் எடுப்பதிலும் கணக்கு புகுந்துவிட்டது.

'அமேசான்' கம்பெனி 2014-ம் ஆண்டில் ஒரு சோதனை தொடங்கியது. வேலைக்கு வரும் விண்ணப்பங்களைக் கம்ப்யூட்டரே படித்து மார்க் போட வேண்டும். ஐந்து நட்சத்திரம் பெற்றவர் கெட்டிக்காரர்.

கம்ப்யூட்டருக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது? கம்பெனிக்குப் பத்து ஆண்டுகளில் வந்த பழைய விண்ணப்பங்களைக் கொடுத்துப் பழக்கினார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. கம்ப்யூட்டர் என்ன கற்றுக்கொண்டது தெரியுமா? "ஆண்களே மேல்" என்று கற்றுக்கொண்டது! விண்ணப்பத்தில் 'பெண்கள்' என்ற சொல் வந்தால் மார்க்கைக் குறைத்தது. பெண்கள் கல்லூரி சிலவற்றில் படித்தவர்களுக்கும் அதே கதி.

பெண்கள் திறமை இல்லாதவர்கள் என்று எந்தக் கணக்கும் சொல்லவில்லை. அவர்களுடைய விண்ணப்பங்கள் போதுமான அளவு அதில் இல்லை. அவ்வளவுதான். பழைய உலகத்தின் ஓரவஞ்சனையைக் கம்ப்யூட்டர் வேதமாக எடுத்துக்கொண்டது.

கோளாறைச் சரிக்கட்ட முடியாமல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. 2018-ம் ஆண்டு ராய்ட்டர் செய்தி நிறுவனம் இதை வெளியிட்டது. அந்தக் கருவியைக் கொண்டு ஆட்களைத் தேர்வு செய்யவில்லை என்று கம்பெனி விளக்கம் கூறியது.

விரலில் மாட்டும் கருவி

உயிரோடு விளையாடும் கணக்கும் உண்டு.

கொரோனா காலத்தில் விரலில் மாட்டிப் பார்த்த சிறிய கருவியை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இரத்தத்தில் எவ்வளவு பிராணவாயு இருக்கிறது என்று அது காட்டும். விரலின் ஊடே ஒளியைச் செலுத்தி, எவ்வளவு ஒளி மறுபக்கம் வருகிறது என்று பார்த்துக் கணக்கிடும்.

2020-ம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்க டாக்டர்கள் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். கருவி "பயமில்லை" என்று காட்டிய நோயாளிகளுக்கு இரத்தத்தை எடுத்துச் சோதித்த முடிவோடு அதை ஒப்பிட்டார்கள். வெள்ளையர்களில் நூற்றுக்கு 4 பேருக்கும் குறைவானவர்களிடம், உண்மையில் பிராணவாயு ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தது. கறுப்பர்களில் அது நூற்றுக்கு சுமார் 12 பேர். ஏறக்குறைய மூன்று மடங்கு!

தோலின் கருமை ஒளியைத் தடுக்கிறது. கருவியைச் சரிபார்க்கும் சோதனைகளில் கருத்த தோல் உடையவர்கள் போதுமான அளவு சேர்க்கப்படவில்லை. சோதனையில் இல்லாதவர், ஆபத்தில் மாட்டிக்கொண்டார்.

கருவியே வேண்டாம் என்பது இதற்குப் பொருள் அல்ல. அது பல உயிர்களைக் காத்த கருவி. மூச்சுத் திணறல் இருந்தால், கருவி என்ன காட்டினாலும் டாக்டரைப் பார்ப்பதே புத்திசாலித்தனம். இத்தகைய கருவிகளைப் பல நிறத்தாரிடமும் சோதிக்க வேண்டும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025-ம் ஆண்டு ஜனவரியில் ஒரு வரைவு யோசனையை வெளியிட்டது.

எண்கள் செய்த அற்புதம்

இவ்வளவையும் படித்துவிட்டுக் கணக்கைக் கண்டு பயப்பட வேண்டாம். கணக்கு முழுமையாக இருந்தால் அது அற்புதம் செய்யும்.

நம் உடம்பு புரதங்களால் இயங்குகிறது. ஒவ்வொரு புரதமும் ஒவ்வொரு விதமாக மடிந்திருக்கும். அதன் வடிவம் தெரிந்தால் நோயின் மூலத்தைக் கண்டுபிடிக்கலாம், மருந்து செய்யலாம். ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடிக்கவே சில சமயம் ஆண்டுக்கணக்கில் பாடுபட வேண்டும்.

உலகத்து விஞ்ஞானிகள் தாங்கள் கண்டுபிடித்த வடிவங்களை 1971-ம் ஆண்டில் இருந்து ஒரு பொதுக் களஞ்சியத்தில் சேர்த்து வந்தார்கள். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். அரை நூற்றாண்டு உழைப்பில் சுமார் 2 லட்சம் வடிவங்கள் சேர்ந்தன. அந்தக் களஞ்சியத்தைக் கொண்டு 'ஆல்பாபோல்ட்' என்ற கம்ப்யூட்டர் ஏற்பாடு பழகியது. 2022-ம் ஆண்டில் அது 20 கோடிப் புரதங்களின் வடிவங்களைக் கணித்துச் சொல்லிவிட்டது!

அதை உருவாக்கிய டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவருக்கும் 2024-ம் ஆண்டு ரசாயனத்துக்கான நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பல நாட்டார் பல ஆண்டுகள் ஒளிக்காமல் சேர்த்து வைத்த கணக்கு, மனித குலத்துக்கே சொத்தாயிற்று.

யார் படிக்கலாம்?

இந்த வேலைக்கு ஆள் தேவை. 2012-ம் ஆண்டிலேயே ஒரு புகழ் பெற்ற அமெரிக்கப் பத்திரிகை, இந்த நூற்றாண்டின் மிகக் கவர்ச்சியான உத்தியோகம் இதுதான் என்று எழுதியது.

சென்னை ஐ.ஐ.டி. 2020-ம் ஆண்டில் தரவு அறிவியலுக்கு இணையவழிப் படிப்பைத் தொடங்கியது. இதில் சேர ஜே.இ.இ. தேர்வு எழுத வேண்டியதில்லை. வயது வரம்பும் இல்லை. தகுதிச் சுற்றுப் பாடங்களைப் படித்துத் தேறினால் உள்ளே போகலாம்.

கணக்குப் பாடம் வேண்டும். கம்ப்யூட்டர் பழக்கம் வேண்டும். அவற்றோடு இன்னொன்றும் வேண்டும். கணக்கில் விடுபட்ட மனிதரைத் தேடும் மனம் வேண்டும். கூட்டல், பெருக்கலைக் கம்ப்யூட்டரே செய்துவிடும். இந்தத் தேடலை மனிதர்தான் தொடங்கி வைக்க வேண்டும்.

நாளைக்குக் கம்ப்யூட்டர்களே நோயைச் சொல்லும். கடனுக்குச் சிபாரிசு செய்யும். பிள்ளைகளின் கேள்விக்குப் பதில் பேசும். இப்போதே அவை எழுதவும் பேசவும் தொடங்கிவிட்டன. அவை கற்பதெல்லாம் மனிதர் எழுதி வைத்ததில் இருந்துதான். ஆங்கிலத்தில் மலை போல் குவிந்திருக்கிறது. மற்ற மொழிகள் பலவற்றில் கொஞ்சம்தான். எழுதி வைக்காத பாட்டி வைத்தியமும், பதிந்து வைக்காத உழவனின் அனுபவமும் அந்தக் கணக்கில் ஏறாது.

நீலகிரியில் முடிந்த வாழ்க்கை

1950-ம் ஆண்டு. யுத்தம் முடிந்துவிட்டது. வால்ட் உலகப் புகழ் பெற்றுவிட்டார். இந்திய அரசின் அழைப்பை ஏற்று, இந்தியாவில் பல இடங்களில் சொற்பொழிவு ஆற்ற வந்தார். மனைவியும் உடன் வந்தார்.

டிசம்பர் 13-ந் தேதி. ஏர் இந்தியா விமானம் ஒன்றில் இருவரும் பயணம் செய்தார்கள். நீலகிரி மலையின் வடபகுதியில், ரங்கசாமி தூண் என்ற பாறைச் சிகரத்தின் அருகே அந்த விமானம் மோதி நொறுங்கியது. வால்டும் அவர் மனைவியும் பலியானார்கள். அப்போது அவருக்கு வயது 48.

அவர்களுடைய மகன் ராபர்ட் அப்போது மூன்று வயதுக் குழந்தை. தாயையும் தந்தையையும் ஒரே நாளில் இழந்த அந்தக் குழந்தை, பிற்காலத்தில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் புகழ் பெற்ற பௌதிகப் பேராசிரியர் ஆனது.

திரும்பி வராத விமானங்களை நினைத்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தவர், கடைசியில் திரும்பி வராத விமானம் ஒன்றில் போய்விட்டார்.

அவர் விட்டுச் சென்ற பாடம் சின்னஞ்சிறியது. பள்ளிக்கூடத்தில் வருகைப் பட்டியல் வாசிக்கிறார்கள். "உள்ளேன் ஐயா" என்ற குரல்கள் கேட்கின்றன. ஒரு பெயருக்கு மட்டும் பதில் இல்லை.

நல்ல ஆசிரியர் அங்கே சற்று நிறுத்துவார். "அவன் ஏன் வரவில்லை?" என்று கேட்பார்.